கெண்டைக்காலிலிருந்து நுரையீரலுக்கு

1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. அதற்குப் பிறகு இருட்டினால் போதும், மக்கள் நிலவறைகளிலும் பொதுப் பதுங்கிடங்களிலும் போய் அடைந்துகொண்டார்கள். எல்லோருக்கும் படுக்க இடம் கிடைக்கவில்லை. பலர் கான்வாஸ் துணி கட்டிய மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அப்படிக் குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் மூச்சுத் திணறித் திடீரென்று இறந்துபோனார்கள். உடம்பில் காயம் எதுவும் இல்லை.

பிரேதப் பரிசோதனைகள் செய்துவந்த தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் இதைக் கவனித்தார். நுரையீரலுக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாயை ரத்தக்கட்டு அடைத்திருந்தது. முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் இத்தகைய சாவுகள் சுமார் ஆறு மடங்காகியிருந்தன. நாற்காலியின் முன்பக்க மரச்சட்டம் இரவு முழுக்கத் தொடையின் பின்புறத்தை அழுத்த, காலில் ரத்தம் தேங்கி உறைந்திருக்கிறது. அந்த ஆண்டே 'லான்செட்' மருத்துவ இதழில் சிம்ப்சன் இதை எழுதினார். பதுங்கிடங்களில் மக்கள் கால் நீட்டிப் படுக்க வசதி வேண்டும் என்றார்.

காலில் உண்டான கட்டு நெஞ்சில் உயிரை எடுக்கிறது. எந்தச் சூழ்நிலையில் உண்டாகும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிகிறது. சூழ்நிலையை மாற்றினால் தடுக்கவும் முடிகிறது. சிம்ப்சன் கண்ட இந்த மூன்றும்தான் இந்த அத்தியாயத்தின் சாரம். ரத்தக்கட்டு யாருக்கு எப்போது வரக்கூடும் என்று மருத்துவம் ஓரளவு நாள் குறித்தே சொல்லிவிடுகிறது. அந்த நாட்களில் விழிப்பாக இருப்பது நம் கையில் இருக்கிறது.

உறைவது உயிர் காக்க

அரிவாள்மனையில் விரல் பட்டுவிடுகிறது. ரத்தம் கொப்பளித்து வருகிறது. சில நிமிடங்களில் தானாக நின்றுவிடுகிறது. இந்த நிமிடங்களுக்குள் பெரிய வேலை நடந்து முடிகிறது. முதலில் வந்து சேர்பவை தட்டணுக்கள். டெங்கு காய்ச்சல் வந்த வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று அழைத்துக் குவிந்து, ஓட்டையை அவசரமாக அடைக்கின்றன.

அந்த அடைப்பு நிலைக்க வேண்டுமானால் இழை வேண்டும். ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. கடைசியில் த்ராம்பின் என்ற நொதி, ஃபைப்ரினோஜன் என்ற கரைந்த புரதத்தை ஃபைப்ரின் இழையாக மாற்றுகிறது. இழைகள் பின்னிக்கொண்டு சிவப்பணுக்களையும் உள்ளே பிடித்து இறுகுகின்றன. காயம் ஆறியதும் பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி வந்து இழைகளை அறுத்துக் கரைக்கிறது. அப்படி அறுபட்ட துண்டுகளில் ஒன்றின் பெயர் டி-டைமர். ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது கூடியிருந்தால் உடம்பில் எங்கோ கட்டு உண்டாகிக் கரைந்துகொண்டிருக்கிறது என்று ஐயப்படலாம். பிரசவம், அறுவை, தொற்று ஆகியவற்றிலும் அது கூடும். ஆகவே இயல்பு அளவில் இருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனையால் அதிகப் பயன்: ஆபத்து குறைவாகத் தோன்றும் ஒருவருக்கு டி-டைமரும் இயல்பாக இருந்தால் ரத்தக்கட்டு இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஓடும் ரத்தம் ஓடும்போதே உறைந்துவிடாமல் இருக்க உடம்பு கடிவாளங்களும் வைத்திருக்கிறது. ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்பவை அவற்றில் முக்கியமானவை. ரத்தக்குழாயின் உள்சுவரும் கட்டு ஒட்டாதபடி தன் பங்குக்குப் பொருள்களைச் சுரக்கிறது. உறையவைக்கும் சக்தியும் உறையவிடாத சக்தியும் இப்படிச் சமன்பட்டு நிற்பதால்தான் நாம் ரத்தம் வடிந்தும் சாகவில்லை, உறைந்தும் சாகவில்லை.

காலில் ஏன்?

இதயத்திலிருந்து புறப்படும் தமனிகளில் ரத்தம் அழுத்தத்தோடு பாய்கிறது. அங்கே கட்டு உண்டாவது பெரும்பாலும் கொழுப்புப் படிந்த சுவர் வெடிக்கும்போது. இதயத் தமனியில் நேர்ந்தால் மாரடைப்பு, மூளைத் தமனியில் நேர்ந்தால் பக்கவாதம். அது வேறு அத்தியாயத்துக்கான கதை. இதயத்துக்கு ரத்தம் திரும்பும் சிரைகளில் அந்த அழுத்தம் கிடையாது. பாதத்திலிருந்து நெஞ்சுவரை ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தத் தசை இறுகி, தன்னுள் புதைந்திருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மேலே போனதைக் கீழே இறங்கவிடுவதில்லை.

நடை நின்றால் இந்த ஏற்றம் நின்றுபோகிறது. வால்வு இதழ்களுக்குப் பின்னால் சிறு பைகள் உண்டு. அங்கே ரத்தம் சுழன்று தேங்குகிறது, பிராணவாயு குறைகிறது, அங்கிருக்கும் சுவரின் செல்கள் அதனால் நிலை மாறி உறைதலைத் தூண்டுகின்றன. முதல் இழை பெரும்பாலும் அங்கேதான் பின்னப்படுகிறது. அதன்மேல் சிவப்பணுக்கள் சேர்ந்து, கட்டு ரத்தம் போகும் திசையிலேயே மேல்நோக்கி வளர்கிறது. கெண்டைக்காலோடு நின்றால் பல சமயம் தானே கரைந்துவிடும். முழங்காலைத் தாண்டித் தொடைக்கும் இடுப்புக்கும் போனால் ஆபத்து கூடுகிறது. அடிப்பக்கம் மட்டும் சுவரில் ஒட்டியிருக்க, நுனி ரத்தத்தில் அசைந்துகொண்டிருக்கும். அந்த நுனி அறுந்தால் வழியில் தடையே இல்லை. சிரைகள் மேலே போகப் போக அகலமாகின்றன. இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நுரையீரல் தமனிக்குள் போய், குழாய் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்கிறது.

இதயத்தின் வல அறை மெல்லிய சுவர் கொண்டது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்து பழகியது. எதிரே வழி திடீரென்று அடைபட்டால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது, வீங்கித் தளர்ந்துவிடும். சிறு துண்டு சிக்கினால் மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும். பெரிய துண்டு இரண்டு நுரையீரலுக்கும் பிரியும் இடத்திலேயே குறுக்கே விழுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

விர்கோ கண்ட உண்மை

காலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1840கள் வரை தெளிவாகத் தெரியாது. சிரையில் அழற்சி வந்தால் அதே இடத்தில் ரத்தம் உறைகிறது என்பதே ஐரோப்பாவில் பெரியவர்களின் கருத்து. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் பிணக்கூறு ஆய்வு செய்துவந்த ருடால்ஃப் விர்கோவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. நுரையீரலில் கிடைத்த கட்டுகளின் முனையையும், அதே உடலின் கால் சிரையில் கிடைத்த கட்டின் அறுந்த முனையையும் பார்த்தார். இது அங்கிருந்து வந்தது என்று தீர்மானித்தார். வாதத்தோடு நிற்காமல் நாய்களின் சிரைக்குள் ரப்பர் துண்டுகளைச் செலுத்தி, அவை நுரையீரல் தமனியில் போய்ச் சிக்குவதைக் காட்டினார்.

கட்டு உண்டாவதற்கான காரணங்கள் இன்று மூன்று தலைப்புகளில் அவர் பெயரால் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டம் மந்தமாவது ஒன்று, குழாயின் சுவர் சேதமாவது இரண்டு, ரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது மூன்று. எந்த நோயாளியை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். பல சமயம் இரண்டு சேர்ந்திருக்கும். விர்கோ பிறந்த அக்டோபர் 13ஆம் தேதி இப்போது உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நாள் தெரிந்த ஆபத்து

முதல் இடம் அறுவைச் சிகிச்சைக்கு. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றும் அறுவையில் மூன்று காரணங்களும் ஒருங்கே கூடுகின்றன. தடுப்பு மருந்து கொடுக்கும் வழக்கம் வருவதற்கு முன் மேலைநாடுகளில் இந்த அறுவை முடிந்தவர்களைச் சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கால் சிரையில் கட்டு இருந்தது. அவர்களில் பலருக்கு வலியோ வீக்கமோ இல்லை. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் அடுத்து நிற்கிறார்கள். வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் ஆபத்து தொடர்கிறது.

இரண்டாவது, புற்றுநோய். பாரிஸ் மருத்துவர் ஆர்மான் த்ரூஸோ 1865இல் தம் விரிவுரையில், சிரைகளில் காரணமின்றி வரும் ரத்தக்கட்டு உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்றார். இரண்டு ஆண்டுகளில் அதே கட்டு அவருக்கே வந்தது. தம் முடிவு நெருங்கிவிட்டதை அவர் புரிந்துகொண்டார். 1867இல் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். புற்றுச் செல்கள் ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. பிரசவத்தில் ரத்தம் போவதைத் தாங்குவதற்காகக் கர்ப்பிணியின் உடம்பு முன்கூட்டியே உறையும் புரதங்களைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. வயிற்றில் வளரும் குழந்தையோ கால்களிலிருந்து ரத்தம் திரும்பும் வழியை அழுத்துகிறது. அதனால் கர்ப்ப காலத்தில் ஆபத்து நாலைந்து மடங்கு. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் அது இன்னும் அதிகம், சிசேரியன் ஆனவர்களுக்கு அதற்கும் மேல்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது, உடம்பு ஊதிப்போகும், வயிறு சரியும் என்று அளந்து கொடுப்பார்கள். ஏற்கெனவே உறையக் காத்திருக்கும் ரத்தம் நீர் வற்றி மேலும் கெட்டியாகிறது. மூளையின் சிரைகள் அடைபடும் நோய் இந்தியாவில் பிரசவித்த பெண்களிடம் அதிகமாகக் காணப்பட்டதற்கு நீர்ச்சத்துக் குறைவையும் ஒரு காரணமாக மருத்துவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். பிரசவமான சில நாட்களில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று வந்தால் அது பேயும் இல்லை, சன்னி என்று கைவிட வேண்டியதும் இல்லை. ஸ்கேன் எடுத்து உடனே சிகிச்சை தந்தால் பெரும்பாலோர் பிழைத்து நன்றாகிவிடுகிறார்கள். பச்சை உடம்புக்காரிக்குக் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011இலேயே நுரையீரலில் ரத்தக்கட்டு வந்திருந்தது. 2017 செப்டம்பரில் சிசேரியனில் மகள் பிறந்த மறுநாள் திடீரென்று மூச்சு வாங்கியது. அவர் தாமாகவே செவிலியரிடம் சென்று, சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து வேண்டும் என்றார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்கள். காலில் ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் பல சிறு கட்டுகள் தெரிந்தன. தம் உடம்பின் வரலாறு தெரிந்த ஒரு தாய் விடாமல் வற்புறுத்தியதால் உயிர் பிழைத்தார். அந்த வரலாறு வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது அவசியம்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் ஆபத்தைக் கூட்டுகின்றன. கோயில் விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் தாமே வாங்கி விழுங்கும் ஹார்மோன் மாத்திரையையும் எளிதாக எண்ண வேண்டாம். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களும், குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நீண்ட பயணத்தைப் பற்றி அச்சம் அதிகம், ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஆபத்தைச் சுமார் இரு மடங்காக்குகிறது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருந்தது. விமானம் மட்டுமல்ல, ரயில், கார், பஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காரணம் வாகனமல்ல, அசையாமல் உட்கார்ந்திருப்பது.

மருந்து வந்த வழி

ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மருந்து, அதைத் தேடாத ஒருவர் கையில் கிடைத்தது. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், உறையவைக்கும் பொருளைத் திசுக்களிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து எடுத்த சாறு ரத்தத்தை உறையவிடாமல் செய்தது. அந்த வழியில் பிறந்தது ஹெப்பாரின். இன்று அது பன்றிக் குடலிலிருந்து தயாராகிறது.

வாய்வழி மருந்து மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. 1920களில் வட அமெரிக்காவில் இனிப்புக் குளோவர் என்ற தீவனம் பூசணம் பிடித்துக் கெட்டுப்போனதைத் தின்ற மாடுகள், சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் இறந்தன. 1933 பிப்ரவரியில் எட் கார்ல்சன் என்ற விஸ்கான்சின் விவசாயி பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, மாடிசன் நகரில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். இறந்த கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன தீவனம் ஆகியவை அவர் வண்டியில் இருந்தன. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு லிங்க் குழு அந்தத் தீவனத்தின் நச்சுப் பொருளைப் படிகமாகப் பிரித்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1951இல் ஓர் அமெரிக்க ராணுவ வீரர் தற்கொலைக்காக அதை நிறையச் சாப்பிட்டார், வைட்டமின் கே கொடுத்ததும் முழுமையாகக் குணமானார். முறிமருந்து உண்டு என்ற நம்பிக்கை பிறந்தது. 1954இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள்.

மருந்தின் பயனை எண்களில் காட்டியவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் பாரிட், ஜோர்டன் இருவரும். 1960இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், நுரையீரலில் கட்டு அடைத்து மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் மீண்டும் கட்டு வந்து இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அந்தக் காரணத்தால் ஒருவரும் இறக்கவில்லை.

இந்த மருந்துகள் இருக்கும் கட்டைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் தடுத்து நிறுத்துகின்றன. கரைக்கும் வேலையை உடம்பின் பிளாஸ்மின் பார்த்துக்கொள்கிறது. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில்தான் நேரடியாகக் கரைக்கும் ஊசி போடுகிறார்கள். ஆகவே வீக்கம் வடிந்துவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது மிகப் பெரிய தவறு. குறைந்தது மூன்று மாதமாவது தேவைப்படும், சிலருக்கு ஆயுள் முழுக்க.

வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை விடாமல் செய்துகொள்ள வேண்டும். சிரை ரத்தக்கட்டுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டு, கூடினால் ரத்தக்கசிவு. கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பதால் கீரையே சாப்பிடக் கூடாது என்று பலர் முருங்கைக்கீரையைக்கூட ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கத் தேவையில்லை. வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டால் போதும், மருந்தின் அளவை மருத்துவர் அதற்கேற்ப வைத்துக்கொள்வார். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்த்துக்கொள்வதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அண்மை ஆண்டுகளில் வந்த ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

கண்டுகொள்வது எப்படி

ஒரு கால் மட்டும் வீங்குவதுதான் முதல் எச்சரிக்கை. இதயமோ சிறுநீரகமோ பழுதானால் பெரும்பாலும் இரண்டு கால்களும் வீங்கும். கெண்டைக்காலில் இழுத்துப் பிடித்ததுபோல் வலி, தொட்டால் சூடு, தோல் சிவந்தோ கறுத்தோ இருப்பது ஆகியவை கூட வரலாம். மருத்துவர் இரண்டு கால்களையும் டேப்பால் அளப்பார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் துருத்தும் புடைப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் ஒப்பிடுவார். வித்தியாசம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. டாப்ளர் ஸ்கேனில், கருவியால் அழுத்தும்போது நல்ல சிரை முழுக்கத் தட்டையாகும். கட்டு இருக்கும் சிரை அமுங்காது. வலியற்ற இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த நிலையில் தைலம் போட்டு நீவிவிடக் கூடாது. அடிபட்டுக் கன்றிய இடத்தில் பற்றுப் போடுவதும் உருவிவிடுவதும் நம் வழக்கம். அது குழாய்க்கு வெளியே கசிந்த ரத்தம். இது குழாய்க்குள்ளேயே நிற்கும் கட்டு. உருவினால் துண்டு அறுந்து நெஞ்சுக்குப் போகலாம்.

திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், காரணமில்லாத படபடப்பு, மயக்கம் ஆகியவை கட்டு நுரையீரலை எட்டியதன் அடையாளமாக இருக்கலாம். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அண்மையில் நடந்த அறுவை, பிரசவம், படுக்கை, பயணம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் நோயை விரைவில் கண்டுபிடிக்க உதவும்.

முன்பே கேட்க வேண்டிய கேள்வி

ஒரு காலத்தில் அறுவைக்கும் பிரசவத்துக்கும் பிறகு வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதே சிகிச்சை என்று கருதினார்கள். இன்று மறுநாளே, முடிந்தால் அன்றே, எழுப்பி நடக்கவைக்கிறார்கள். வலிக்கிறதே என்று நோயாளியும், பாவம் தூங்கட்டும் என்று உறவினர்களும் தடுக்கக் கூடாது. எழ முடியாதவர்கள் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டலாம். நீண்ட பயணத்திலும் அதுவே. மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் போதும்.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் தினமும் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். ரத்தக்கசிவு அபாயம் இருந்தால், கால்களைக் காற்றால் அழுத்தி விடுவிக்கும் உறையைப் போடுகிறார்கள். யாருக்கு எது தேவை என்று சேர்க்கையின்போதே எடைபோட வேண்டும். மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் குறைந்தது 90 சதவீதம் பேருக்காவது இந்த மதிப்பீடு நடக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2010இல் இலக்கு வைத்தது. அதை எட்டியும் காட்டியது. நம் மருத்துவமனைகளிலும் இது எழுதப்பட்ட விதியாக வேண்டும். ஒரு தாளில் பத்துக் கேள்விகள் போதும், பெரும் செலவில்லை.

அதுவரை அந்தக் கேள்வியை நாமே கேட்கலாம். அறுவைக்கு நாள் குறிக்கும்போது, பிரசவத்துக்குச் சேரும்போது, படுக்கையில் இருக்கும் முதியவரை வீட்டுக்கு அழைத்துவரும்போது மருத்துவரிடம் கேளுங்கள்: "ரத்தக்கட்டு வராமல் இருக்க என்ன ஏற்பாடு டாக்டர்?" இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் இதை மகிழ்ச்சியோடு விளக்குவார். கேட்க மறந்த மருத்துவருக்கு அது நினைவூட்டலாக இருக்கும்.